பட்டிமன்றத்தில் 'குண்டு வெடிக்கப் போகிறது' கேள்வி

தம்பி, புதுச்சேரியில் உங்கள் கல்லூரிப் பட்டிமன்றத்தில் "தீவிரவாதியை அடித்து விசாரிக்கலாமா?" என்பதற்குக் 'கூடாது' அணி நீங்கள். "குண்டு வெடிக்கப் போகிறது, அப்போதுமா?" என்று எதிரணி மடக்கினால் என்ன சொல்வது என்கிறீர்கள்.

மனித உரிமை வசனத்தோடு ஆரம்பிக்காதீர்கள், அரங்கம் கொட்டாவி விடும். ராணுவத்துக்காரரையே சாட்சிக்குக் கூப்பிடுங்கள். ஸ்டூவர்ட் கவுச், அமெரிக்க மரீன் படையில் அரசுத் தரப்பு வழக்கறிஞராக இருந்தவர். செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தில் மோதிய இரண்டாவது விமானத்தின் துணை விமானி அவருடைய நண்பர். பழிவாங்க அவரைவிடக் காரணம் யாருக்கு இருக்கிறது? ஆனாலும் கியூபாவில் உள்ள அமெரிக்க ராணுவச் சிறையான குவான்டனாமோவில் இருந்த கைதி ஸ்லாஹியின் வாக்குமூலம் வதைத்து வாங்கியது என்று தெரிந்ததும், 2004-இல் வழக்கை நடத்த மறுத்துவிட்டார். ஸ்லாஹி 2016-இல் குற்றச்சாட்டே இல்லாமல் வெளியே வந்தார்.

அப்புறம் அல்-லிபி, அமெரிக்கா விசாரணைக்காக எகிப்துக்கு அனுப்பிய கைதி. எகிப்தில் அடி தாங்காமல், அல்-கொய்தாவுக்கு இராக் ரசாயன ஆயுதப் பயிற்சி தந்ததாகச் சொன்னார். அதை 2003 பிப்ரவரியில் அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. சபையிலேயே எடுத்து வைத்தார். அடுத்த மாதமே இராக் மீது போர். அல்-லிபி பிறகு அது பொய் என்றார். இந்த இடத்தில் மட்டும் அவசரப்படாமல் நிறுத்திப் பேசுங்கள்.

உள்ளூர் உதாரணம் கேட்டால் கடலூர் பக்கம் கம்மாபுரம், 1993 லாக்கப் மரணம். அது வெறும் திருட்டு கேஸ், எந்தக் குண்டும் இல்லை. நடுவர் வக்கீலாக இருந்தால் கைது, காவல் விசாரணைக்கு உச்ச நீதிமன்றம் விதிகள் வகுத்த டி.கே. பாசு தீர்ப்பைக் கேட்பார், அதையும் படித்துவிட்டுப் போங்கள்.