குழந்தைகளின் கண் அரிப்பு: எந்தச் சொட்டு மருந்து, எத்தனை நாள்?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. மூன்று ஆண்டுகளாகப் பங்குனி பிறந்தாலே இரண்டு கண்களும் சிவந்து, ஓயாமல் தேய்த்துக்கொண்டே இருக்கிறான். காலையில் நூல் நூலாகப் பீளை வருகிறது. முதல் ஆண்டு மருத்துவர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தில் இரண்டே நாளில் குணம் தெரிந்ததால், பழைய சீட்டைக் காட்டி அதையே கடையில் வாங்கிப் போட்டு வருகிறோம். இப்போது நிறுத்தினால் உடனே திரும்பிவிடுகிறது. தொடர்ந்து போடலாமா?
(ஒரு தாய், திருச்சி)

பதில்: மருத்துவர் பார்க்காமல் தொடரக் கூடாது. நீங்கள் சொல்லும் அறிகுறிகள், வெப்பமும் வறட்சியும் மிகுந்த ஊர்களில் சிறுவர்களிடம் அதிகம் காணப்படும், வெர்னல் எனப்படும் ஒவ்வாமைக் கண் நோயை ஒத்திருக்கின்றன. இது ‘மெட்ராஸ் ஐ’ போல ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பருவ வயதைத் தாண்டும்போது தானாகவே அடங்கிவிடும். அதுவரை பார்வைக்குச் சேதம் வராமல் காப்பதே சிகிச்சையின் நோக்கம்.

இரண்டே நாளில் கண்ணை வெளுக்கச் செய்த மருந்து ஸ்டீராய்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, கீழே சிறிய எழுத்தில் உள்ள சேர்மானத்தைப் படியுங்கள்: டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன் ஆகியவை எல்லாம் ஸ்டீராய்டுகளே. ஆன்டிபயாடிக் என்று நினைத்து வாங்கும் சில சொட்டு மருந்துகளிலும் டெக்ஸாமெத்தசோன் கலந்திருக்கும். நோய் உச்சத்தில் இருக்கும்போது மருத்துவர் இதைச் சில நாட்களுக்கோ வாரங்களுக்கோ கொடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். அது சரியான சிகிச்சைதான். ஆனால், மாதக்கணக்கில் போடும்போது சில குழந்தைகளுக்குக் கண்ணின் உள் அழுத்தம் வலியே இல்லாமல் உயர்ந்து, கிளாக்கோமாவால் பார்வை நரம்பு பழுதடையலாம்; அப்படி இழந்த பார்வை மீளாது. கண்புரையும் வரலாம். ஆகவே, அந்தக் குப்பியையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். கண் அழுத்தத்தை அளந்து, மேல் இமையைத் திருப்பிப் பார்த்து, கருவிழியையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாமல் கூசினாலோ வலித்தாலோ கருவிழியில் புண் இருக்கலாம் என்பதால், அன்றே காட்ட வேண்டும்.

நீண்ட நாள் போடுவதற்கென்றே வேறு மருந்துகள் உள்ளன. ஓலோபடடின், கீட்டோடிஃபென் போன்றவை அரிப்பைத் தணிப்பதோடு, ஒவ்வாமையைத் தூண்டும் செல்களையும் அடக்கிவைக்கின்றன. இவற்றின் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். ‘இரண்டு நாளில் கேட்கவில்லை’ என்று பெற்றோர் கைவிடுவது இங்கேதான். அரிப்பு இல்லாத நாட்களிலும், பருவம் முடியும்வரை, ஒழுங்காகப் போட வேண்டும். இவற்றுக்கும் அடங்காவிட்டால், ஸ்டீராய்டின் தேவையைக் குறைக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்தோ டாக்ரோலிமஸ் களிம்போ மருத்துவர் தருவார். முதலில் சற்று எரியும் என்பதைப் பையனிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கண்ணைத் தேய்ப்பது கருவிழி கூம்பு வடிவில் புடைத்துப்போவதற்குக் காரணமாகலாம் என்பதால், அரிக்கும்போது குளிர்ந்த ஈரத்துணியை மூடிய இமைமேல் வையுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பூச்சாறு எதையும் கண்ணில் விட வேண்டாம்.

கேள்வி: சொட்டு மருந்துக் குப்பியைப் பார்த்ததுமே என் நான்கு வயது மகள் கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். என்ன செய்வது?
(ஒரு வாசகர், மதுரை)

பதில்: மூடியே இருக்கட்டும். மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தில் ஒரு சொட்டு விடுங்கள். அவள் கண்ணைத் திறக்கும்போது மருந்து தானாக உள்ளே இறங்கிவிடும். பிறகு அந்த ஓரத்தை ஒரு நிமிடம் விரலால் மெல்ல அழுத்திக்கொண்டால், மருந்து தொண்டைக்குள் இறங்கிக் கசக்காது. இரண்டு மருந்துகள் இருந்தால் ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள்; களிம்பு கடைசியில். குப்பியின் நுனி இமையில் படக் கூடாது. பல மருந்துகளைத் திறந்து ஒரு மாதத்துக்குமேல் பயன்படுத்தக் கூடாது என்பதால், திறந்த தேதியைக் குப்பியின் மேலேயே எழுதிவையுங்கள்.