கை நடுங்குகிறது என்று இன்ஹேலரை ஓரங்கட்டலாமா?

பாலக்கோடு பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு வயது 62. கிருஷ்ணகிரியில் கிரானைட் பாலிஷ் பட்டறையில் 20 வருடம் வேலை பார்த்தவர். மூச்சு வாங்குகிறது என்று போனபோது டாக்டர் சால்புட்டமால் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். அடித்ததும் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. பயந்துபோய் அதை நிறுத்திவிட்டு, இப்போது மெடிக்கலில் பொட்டலம் கட்டித் தரும் மாத்திரையைப் போடுகிறார். 'அதுதான் நன்றாகக் கேட்கிறது, ஸ்ப்ரே பழகிவிடும் என்கிறார். என்ன செய்வது?'

அம்மா, நடுக்கத்தை முதலில் பார்ப்போம். மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிக் கிடக்கும் தசையைத் தளர்த்துவதுதான் சால்புட்டமாலின் வேலை. அதில் கொஞ்சம் ரத்தத்தில் கலந்து கைத் தசையையும் இதயத்தையும் உசுப்பிவிடும். நடுக்கம் அதனால்தான். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தானே அடங்கும், சில நாளில் உடம்பும் பழகிக்கொள்ளும். போதை மாதிரி அடிமையாக்கும் மருந்து இல்லை. ஆனால் அடிக்கடி அடித்தால்தான் மூச்சு வாங்குவது நிற்கிறது என்றால் நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். அதற்கு வேறு இன்ஹேலர் சேர்க்க வேண்டும். டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு பஃப்பில், அதாவது ஒருமுறை அடிப்பதில், இருப்பது 100 மைக்ரோகிராம். பொட்டலத்தில் அதே சால்புட்டமாலின் 4 மில்லிகிராம் மாத்திரை இருந்தால், அது ஒன்றே 40 பஃப். நடுக்கத்துக்குப் பயந்து இரண்டு பஃப்பை விட்டவர், 40 பஃப் மருந்தை வாயில் போட்டு விழுங்குகிறார்! நுரையீரலுக்கு மட்டும் போக வேண்டியது வயிறு வழியாக உடம்பு முழுக்கச் சுற்றி வருகிறது.

அந்தப் பொட்டலம்தான் எனக்குத் தலைவலி. 'செட் மாத்திரை' என்பார்கள். அட்டை இருக்காது, பேர் இருக்காது, பில் இருக்காது. என் மேசைக்கு வருகிறவற்றை விசாரித்துப் போனால், மூச்சுக்குழாயை விரிக்க ஒன்று, அதே வேலைக்குத் தியோஃபிலின் வகை ஒன்று, கூடவே ஸ்டீராய்டு. 'நன்றாகக் கேட்கிறது' என்பது அந்த ஸ்டீராய்டின் வேலை. பசி எடுக்கும், தெம்பு வரும், ஊரெல்லாம் கைராசி என்று பேர் பரவும். மாதக்கணக்கில் போட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். கிரானைட் தூசியில் இருந்தவர்களுக்கு டிபி வரும் வாய்ப்பு ஏற்கனவே அதிகம், ஸ்டீராய்டு அதற்கு இன்னும் வழி திறந்துவிடும். ரொம்ப நாளாகப் போடுகிறார் என்றால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. பொட்டலத்தோடு டாக்டரிடம் கூட்டிப் போங்கள், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

தியோஃபிலினும் லேசான சரக்கு இல்லை. குணம் தருகிற அளவுக்கும் விஷமாகிற அளவுக்கும் இடைவெளி குறைவு. சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் சேர்ந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். பீடியை நிறுத்தினாலும் ஏறும். குமட்டல், வாந்தி, தூக்கமின்மை வந்தால் எச்சரிக்கை.

இன்னொன்று. இதைச் சொல்லாமல் விட மாட்டேன். படபடப்பு என்று போய் நின்றால், கம்பவுண்டர் ஒருவர் பீட்டா பிளாக்கர் குடும்பத்து ப்ரோப்ரனலால் மாத்திரை எடுத்துக் கொடுப்பார். நடுக்கம் நின்றுவிடும், உண்மை. ஆனால் அது மூச்சுக்குழாயை இறுக்கும், இன்ஹேலர் செய்கிற வேலையையும் தடுக்கும். இழுப்பு இருப்பவருக்கு உயிருக்கே ஆபத்து. கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்துகூட இதே குடும்பம்தான், கண்ணில் விட்டாலும் மூச்சு முட்டலாம். கண் டாக்டரிடம் வீசிங் இருப்பதை மறைக்காதீர்கள். அதே சமயம், மாரடைப்பு வந்தவருக்கு இதய டாக்டர் இதே குடும்பத்து மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால் என்று யோசித்து எழுதியிருப்பார். இவை பெரும்பாலும் இதயத்தை மட்டும் குறிவைப்பவை. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து. இரண்டு டாக்டரிடமும் இரண்டு சீட்டையும் காட்டுங்கள், போதும்.

காலில் சதை பிடித்து இழுத்தால், இந்த மூச்சு மருந்துகளால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருக்கலாம், நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்திருந்தால் இன்னும் குறையும். சோதித்துப் பார்த்துவிடுங்கள். நெஞ்சு வலி, மயக்கம், பஃப் அடித்தும் அடங்காத திணறல், ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாத நிலை என்றால் யோசிக்காமல் 108.

எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி மூன்றும் அப்பாவுக்குத் தேவை. வேலை பார்த்த பட்டறையைப் பற்றியும் டாக்டரிடம் சொல்லுங்கள், பலர் சொல்வதே இல்லை. ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்பைரோமெட்ரி மெஷின் பூட்டின அறையில் துணி போர்த்திக் கிடந்தது, ஊதச் சொல்லித் தர ஆள் இல்லையாம். மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் தொடங்கியதே நம் பக்கத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது, சந்தோஷம். இன்ஹேலரை எப்படி அடிப்பது என்று வீட்டில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் காட்ட ஓர் ஆள் வந்தால், பொட்டலக்காரர்கள் பாதிப் பேர் கடையைச் சாத்திவிடுவார்கள்.

அதுவரை நீங்களே பாருங்கள். வெறுமனே வாயில் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையில் ஒட்டி வீணாகிறது, கேட்கவில்லையே என்று மறுபடி அடிக்கிறார்கள், நடுக்கம் கூடுகிறது. இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டும் குழாய் ஒன்று உண்டு, ஸ்பேசர் என்பார்கள், அதை வாங்குங்கள். முடியாவிட்டால் 500 மில்லி தண்ணீர் பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி ஓட்டை போட்டு, பாட்டில் வாயில் உதட்டைப் பொத்தி இழுக்கலாம், வேலை செய்யும். இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, ஒரு பஃப் அடித்து மெதுவாக உள்ளே இழுத்து, 10 விநாடி அடக்க வேண்டும். அடுத்த பஃப்புக்கு அரை நிமிஷமாவது பொறுங்கள். ஸ்பேசரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி, துணியால் துடைக்காமல் தானாகக் காய விடுங்கள். துடைத்தால் மருந்து சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும்.