65 ஆகிவிட்டது, வேலையும் தொடர்கிறது: மெடிகேர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவில் பெரிய நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். அடுத்த மாதம் 65 முடிகிறது. 65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு இப்போதே பதிய வேண்டுமா?

பதில்: கட்டாயமில்லை. 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடம் என்றால் நிறுவனக் காப்பீடுதான் பில்லை முதலில் கட்டும்; மெடிகேர் அதற்குப் பிறகுதான். அதனால் டாக்டர் செலவுக்கான பார்ட் பி காத்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் தங்கும் செலவுக்கான பார்ட் ஏ பலருக்கு இலவசம் என்பதால் எடுத்து வைக்கிறார்கள். ஆனால் எச்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) கணக்கில் பணம் போடுகிறீர்களா? அப்படியானால் பார்ட் ஏ-வையும் இப்போது எடுக்காதீர்கள். மெடிகேர் தொடங்கிவிட்டால் அந்தக் கணக்கில் பணம் போடக் கூடாது. பின்னால் எடுக்கும்போதும் பார்ட் ஏ 6 மாதம் வரை பின்தேதியிட்டுத் தொடங்கும். ஆகவே 6 மாதம் முன்பே எச்.எஸ்.ஏ.வை நிறுத்துங்கள். சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்) பணம் வாங்கினாலும் பார்ட் ஏ தானாக வந்துவிடும், கவனம்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் மொத்தமே 12 பேர்.

பதில்: அப்படியென்றால் தள்ளிப்போடாமல் ஏ, பி இரண்டையும் எடுங்கள். பொதுவாக உங்களுக்கு மெடிகேர்தான் முதல் காப்பீடு. அது இல்லாவிட்டால் பில்லின் பெரும்பகுதி உங்கள் தலையில் விழும்.

கேள்வி: 67 வயதில் ஓய்வு பெற்றேன். கோப்ரா (வேலை விட்ட பிறகு நாமே பணம் கட்டித் தொடரும் நிறுவனக் காப்பீடு) 18 மாதம் இருக்கிறது. அது முடிந்ததும் பார்ட் பி எடுக்கலாம் அல்லவா?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கவனமாகத் திட்டமிடுகிறவர்களே சறுக்கும் இடம் இது. வேலை அல்லது வேலையால் வந்த காப்பீடு, எது முதலில் முடிகிறதோ அதிலிருந்து 8 மாதம்தான் அவகாசம். கோப்ரா இந்தக் கணக்கில் வராது. தவறவிட்டால் ஜனவரி முதல் மார்ச் வரையிலான பொதுப் பதிவுக்காகக் காத்திருக்க வேண்டும். முழுதாகத் தாமதமான ஒவ்வொரு 12 மாதத்துக்கும் பார்ட் பி பிரீமியத்தில் 10 சதவீதம் கூடும், அதுவும் பெரும்பாலும் ஆயுள் முழுக்க. மருந்துக்கான பார்ட் டி-க்கு அவகாசம் இன்னும் குறைவு: அதற்கு இணையான மருந்துக் காப்பீடு இல்லாமல் தொடர்ந்து 63 நாள் போனாலே அபராதம் வரலாம். பழைய நிறுவனத்தின் எச்.ஆரிடம் வேலைக் காப்பீடு இருந்ததைக் காட்டும் எல்564 படிவத்தில் கையெழுத்து வாங்கி, பார்ட் பி விண்ணப்பமான 40பி படிவத்தோடு சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் இந்த வாரமே கொடுங்கள்.

கேள்வி: மனைவிக்கு 66. என் நிறுவனக் காப்பீட்டில்தான் இருக்கிறார். அவர் வேலைக்குப் போனதில்லை.

பதில்: 20 பேர் கணக்கு சரியாக இருந்தால், நீங்கள் வேலையில் இருக்கும்வரை அவரும் காத்திருக்கலாம், அப்புறம் அதே 8 மாதம்தான். உங்களுக்கு 62 வயதாகி, 40 கிரெடிட் (வேலை செய்து வரி கட்டியதற்குச் சேரும் புள்ளி) சேர்ந்திருந்தால் அவருக்கும் பார்ட் ஏ இலவசம்.