விளக்கு எப்போது அணைய வேண்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறிய கணினிப் பலகையைக் கொண்டு வீட்டிலேயே ஓர் ஆர்கேட் விளையாட்டுப் பெட்டி செய்திருக்கிறேன். முகப்பில் உள்ள பவர் பொத்தானைச் சுற்றி ஒளிவளையம் உண்டு. அதற்குப் பலகையின் 5 வோல்ட் பின்னிலிருந்து (இணைப்பு ஊசியிலிருந்து) இணைப்புக் கொடுத்ததால், பெட்டியை அணைத்த பிறகும் எரிகிறது. இருட்டில் பொத்தானைக் காட்டும் என்று அப்படியே விடலாமா, ஓடும்போது மட்டும் எரிய வேண்டுமா, அல்லது அணைந்திருக்கையில் சிமிட்டினால் நன்றாக இருக்குமா?

ச.

அன்புள்ள ச.,

பெட்டி ஓடுகிறதா என்பதைத் திரையும் ஒலியுமே சொல்லிவிடும். அவை சொல்லாதது, இப்போது பிளக்கைப் பிடுங்கலாமா என்பது. திரை கறுத்த பின்னும் மெமரி கார்டில் எழுதும் வேலை சில விநாடிகள் நீடிக்கக்கூடும். அந்த இடைவெளியில் அவசரப்பட்டு மின்சாரத்தை நிறுத்தியதால், நான் மாதக்கணக்கில் சேமித்து வைத்திருந்த ஆட்டங்கள் கார்டோடு போயின. ஆகவே விளக்கு அணைந்தால் பிளக்கைத் தொடலாம் என்று வீட்டில் எல்லோரும் நம்பும்படி அமைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

உங்கள் இணைப்பில் அது நடக்காது. அடாப்டர் செருகியிருக்கும் வரை 5 வோல்ட் பின்னில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். வளையத்தை 8-ஆம் பின்னுக்கு, அதாவது மென்பொருளால் இயக்கக்கூடிய ஜிபிஐஓ 14-க்கு மாற்றி, பையின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் யூஆர்ட் என்ற சீரியல் தொடர்பு வசதியை இயக்கிவிடுங்கள். இயங்குதளம் ஓடும் வரை அந்தப் பின் 3.3 வோல்ட்டில் நிற்கும். முழுதாக நின்றதும் இறங்கிவிடும். கணினியின் செய்திகளை அந்தத் தொடர்பில் அனுப்பும் சீரியல் கன்சோலும் இயக்கத்தில் இருந்தால், பை எழும்போது செய்திகள் அந்தப் பின் வழியே போவதால் வளையம் படபடவென்று துடித்துவிட்டுப் பிறகு நிலையாக எரியும். தனியாக நிரல் எழுதாமலே கிடைக்கும் இந்தத் துடிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு பின்னிலிருந்து 16 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. எனவே உங்கள் வளையம் 12 வோல்ட்டுக்கானது என்றால், இடையில் ஒரு டிரான்சிஸ்டர் கட்டாயம் வேண்டும். 5 வோல்ட்டுக்கானது என்றால் சற்று மங்கலாக எரியும், நீல நிறமாயின் இன்னும் மங்கும். இரவில் அதுவே கண்ணுக்கு இதம்.

பொத்தானை 5, 6-ஆம் பின்களுக்கு இடையே கொடுத்து கான்ஃபிக் கோப்பில் ஷட்டவுன் ஓவர்லேயை (பொத்தானால் அணைக்க உதவும் அமைப்பு வரியை) சேர்த்தால், ஓர் அழுத்தலில் முறையாக அணையும், மறு அழுத்தலில் எழும். பொத்தான் அழுத்தி விட்டதும் மீளும் வகையாக இருக்க வேண்டும். பை நின்றதும் ஒரு பின்னில் சைகை தரும் பவர்ஆஃப் ஓவர்லேயைச் சிலர் சொல்லக்கூடும். அதைச் சேர்த்தால் இதே பொத்தானால் பையை எழுப்ப முடியாது.

சிமிட்டல் வேண்டாம். 1979-இல் வந்த அடாரியின் ஆஸ்டிராய்ட்ஸ் பெட்டியில் காசு போட்டதும் ஸ்டார்ட் பொத்தான் சிமிட்டும். ஆர்கேட் பெட்டியில் சிமிட்டும் பொத்தானுக்கு ‘என்னை அழுத்து’ என்றுதான் பொருள். தவிர, அணைந்துவிட்ட பையால் எதையும் சிமிட்ட வைக்க முடியாது, அதற்கென்று தனிச் சுற்று கட்ட வேண்டும்.

இருட்டில் தேடும் சிக்கலைப் பொத்தானின் இடத்தை மாற்றியே தீர்க்கலாம். கடைகளில் இருந்த பெட்டிகளில் மின்சுவிட்ச் பெரும்பாலும் ஆடுபவரின் கைக்கு எட்டாதபடி பின்புறமோ மேலேயோதான் இருந்தது. நீங்களும் அதைப் பக்கவாட்டுப் பலகையின் பின்விளிம்புக்கு நகர்த்தினால், விளிம்பைத் தடவிக்கொண்டே போகும் விரலுக்கு அந்த உலோக வளையம் விளக்கில்லாமலே அகப்பட்டுவிடும்.