மெட்டாலிகாவின் ‘கராஜ் இன்க்.’ பற்றிக் கேளுங்கள்

கேள்வி: அண்ணா, இது முழுக்க மற்றவர்கள் பாட்டுதானே? மெட்டாலிகா ரசிகர்கள் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

பதில்: அமெரிக்காவின் மெட்டல் (அதிரடி ராக்) இசைக்குழுவான மெட்டாலிகா யாரிடம் பாடம் படித்தது என்று தெரிய வேண்டுமானால் இதைத்தான் கேட்க வேண்டும் தம்பி. 1998 நவம்பரில் வந்த இரட்டை சிடி. முதல் சிடியின் 11 பாட்டுகளில் ஒன்று மட்டும் 1997 கடைசியில் ஒரு வானொலி நிகழ்ச்சிக்காக வாசித்தது. மற்ற பத்தும் 1998-ல் பதிவானவை. இரண்டாவது சிடியில் 1984 முதல் 1995 வரை அங்கங்கே சிதறிக் கிடந்த 16 கவர்கள் (மற்றவர் பாட்டை எடுத்து வாசித்தவை) இருக்கின்றன. எனக்கு இரண்டாவதுதான் உயிர். அதில் மெருகு குறைவு, வேகம் அதிகம்.

கேள்வி: டயமண்ட் ஹெட் என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறதே, யார் இவர்கள்?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இங்கிலாந்தின் ஸ்டவர்பிரிட்ஜ் ஊர்ப் பையன்களின் மெட்டல் குழு. பெரிய கம்பெனி எதுவும் கைகொடுக்காததால் 1980-ல் முதல் ஆல்பத்தைத் தாங்களே வெளியிட்டார்கள். தலைப்பே இல்லாத வெறும் வெள்ளை உறை, உள்ளே ஏழே பாட்டு. அதைக் கேட்டுக் கிறங்கிப்போன லார்ஸ் உல்ரிச் (பின்னாளில் மெட்டாலிகாவின் டிரம்ஸ் கலைஞர்), 1981-ல், 17 வயதில், அமெரிக்காவிலிருந்து கிளம்பி இங்கிலாந்துக்குப் போய் அவர்கள் கச்சேரியைப் பார்த்தார். அப்புறம் அவர்களுடனேயே கொஞ்ச நாள் தங்கிவிட்டார். அதே ஆண்டின் பிற்பகுதியில்தான் பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டுடன் சேர்ந்து மெட்டாலிகாவைத் தொடங்கினார்.

அந்த ஏழு பாட்டில் நான்கு ‘கராஜ் இன்க்.’கில் இருக்கின்றன: ஹெல்ப்லெஸ், ஆம் ஐ ஈவில், த பிரின்ஸ், இட்ஸ் எலக்ட்ரிக். ‘ஆம் ஐ ஈவில்’ ஆரம்பத்தையும் நடுவில் வேகம் மாறும் இடத்தையும் கவனித்துக் கேளுங்கள். மெட்டாலிகாவின் நீளமான பாட்டுகள் கட்டப்பட்ட விதம் அங்கேயே இருக்கிறது. இந்தக் கவர்களால் வந்த ராயல்டி (பாட்டை எழுதியவருக்குச் சேரும் தொகை) தனக்கு எவ்வளவு உதவியது என்று டயமண்ட் ஹெட்டின் கிட்டார் கலைஞர் பிரையன் டாட்லர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பெரிய குழு சின்னக் குழுவுக்குச் செய்யும் மரியாதை இப்படித்தான் இருக்க வேண்டும் என்பேன்.

கேள்வி: எழுதியவரிடம் அனுமதி கேட்க வேண்டாமா சார்?

பதில்: அமெரிக்கச் சட்டப்படி, ஒரு பாட்டு ஒருமுறை பதிவாகி வெளிவந்துவிட்டால் வேறு யாரும் அதைப் பாடிப் பதியலாம். எழுதியவர் தடுக்க முடியாது, ஆனால் பணம் கட்டியாக வேண்டும். 1998-ல், ஐந்து நிமிடம் வரையிலான பாட்டுக்கு, விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் 7.1 சென்ட். தங்கள் பாணிக்கு ஏற்ப வாசிக்கலாம், பாட்டின் அடிப்படையை மட்டும் மாற்றக் கூடாது.

கேள்வி: ‘விஸ்கி இன் த ஜார்’ யார் எழுதியது?

பதில்: அயர்லாந்தின் பழைய நாட்டுப்பாடல், எழுதியவர் பெயர் கிடையாது. மெட்டாலிகா எடுத்துக்கொண்டது 1972-ல் தின் லிஸி என்ற ஐரிஷ் ராக் குழு வெளியிட்ட வடிவத்தை. கிராமி விருதும் வாங்கித் தந்தது, 2000-ல், ஹார்ட் ராக் பிரிவில்.

கேள்வி: மெட்டாலிகாவின் 1987 இபி (ஆல்பத்தைவிடச் சிறிய வெளியீடு) பெயரிலேயே 5.98 டாலர் என்று விலை போட்டிருக்கிறார்களே?

பதில்: கடைக்காரர்கள் கூட்டி விற்கக் கூடாது என்றுதான். பாஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் பஸ் விபத்தில் இறந்தபின், ஜேசன் நியூஸ்டெட்டுடன் வந்த முதல் வெளியீடு அது. துக்கத்திலிருந்து எழுந்து மறுபடி சேர்ந்து வாசிக்கப் பழகும் ஒரு குழுவை அதில் கேட்கலாம். அதன் ஐந்து தடங்களும் இரண்டாவது சிடியில் அப்படியே இருக்கின்றன.

கேள்வி: என் அக்கா மெட்டலே கேட்டதில்லை. அவருக்கு எதைப் போட்டுக் காட்டலாம்?

பதில்: ‘டர்ன் த பேஜ்’. பாப் சீகர் 1973-ல் பாடியது, ஊர் ஊராகப் போகும் இசைக்கலைஞனின் அலுப்பு. மூலத்தில் சாக்ஸஃபோன் அழும் இடத்தில் இங்கே மெட்டாலிகாவின் கிர்க் ஹாமட் வாசிக்கும் ஸ்லைடு கிட்டார். ‘லவர்மேன்’ பக்கம் முதலில் போக வேண்டாம், அதை முதலில் பாடிய நிக் கேவின் குரலில் இருக்கும் அபாயம் இங்கே வரவில்லை.

கேள்வி: இரண்டாவது சிடியின் கடைசி நான்கும் மோட்டார்ஹெட் குழுவின் பாட்டுகளாக இருப்பது ஏன்?

பதில்: 1995 டிசம்பரில் மோட்டார்ஹெட்டின் பாடகர் லெம்மிக்கு 50 வயது. லாஸ் ஏஞ்சலஸின் விஸ்கி அ கோ கோ என்ற இசை அரங்கில் நடந்த விழாவில் மெட்டாலிகாவின் நால்வரும் லெம்மி மாதிரியே வேடம் போட்டுக்கொண்டு அவர் பாட்டுகளை வாசித்தார்கள். அந்தச் சமயத்து ஒத்திகையில் பதிந்தவைதான் இந்த நான்கும். ‘ஓவர்கில்’லைச் சத்தமாக வைத்துக் கேளுங்கள்.