ஓபோவும் இசைக்குழுவின் சுருதியும்

கேள்வி: மேலைநாட்டு இசைக்குழுவில் மற்றக் கருவிகள் ஓபோ என்னும் குழல் கருவியைக் கேட்டுச் சுருதி சேர்ப்பது ஏன்?

பதில்: மேல்தொனிகள் (அடிப்படை ஸ்வரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் உயர்ந்த ஒலிகள்) செறிந்த அதன் ஒலி பெருங்குழுவின் இரைச்சலையும் ஊடுருவித் தனித்துக் கேட்பதாலும், பிடித்த சுருதியில் நிலையாக நிற்பதாலும், பெரும்பாலும் 440 ஹெர்ட்ஸ் அளவில் அமையும் ‘ஏ’ ஸ்வரத்தை முதலில் ஒலிக்கும் பொறுப்பு அதற்கு வாய்த்தது. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் உருவான இந்தக் குழல் கருவியின் உயிர், உண்மையில், வாயில் வைத்து ஊதும் அதன் சீவாளியில்தான் இருக்கிறது. நாணல் தண்டைத் தாமே சீவி, இரண்டு மடல்களாகச் சேர்த்துக் கட்டிக்கொள்ளும் கலைஞர்கள் பலர். வாசிக்குமுன் அதை நீரில் நனைத்தாக வேண்டும். மடல்களுக்கிடையே உள்ள மெல்லிய இடுக்கில் மிகக் குறைந்த காற்றே நுழைவதால், நீண்ட பகுதிகளில் மூச்சுப் பற்றாமல் போவதைவிட, நுரையீரலில் தேங்கிய பழைய காற்றை வெளியேற்ற இடைவெளி கிடைக்காமல் திணறுவதே இவர்களுக்குப் பெருஞ்சங்கடம்.