இணையம் இல்லாமல் தனியாக விளையாடச் சிறந்த வீடியோ கேம்கள் எவை?

இணைய இணைப்பே இல்லாதபோது தனியாக விளையாட எது சிறந்தது என்ற கேள்விக்கு, என் முதல் பரிந்துரை 2017இல் வெளிவந்த ஹாலோ நைட். ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி என்னும் சிறு குழு உருவாக்கிய இவ்விளையாட்டில், பூச்சிகள் ஆட்சி செய்து அழிந்துபோன ஒரு நிலத்தடி அரசுக்குள் நாம் இறங்குகிறோம். பெரும்பாலான பகுதிகளின் வரைபடத்தை அங்கே அலையும் ஒரு வரைபடக்காரரைத் தேடிக் கண்டுபிடித்தே வாங்க வேண்டியிருப்பதால், அதுவரை வழி தெரியாமல் திரிவதே பெரும் ஈர்ப்பாகிவிடுகிறது. போர்கள் கடினமானவை, ஆனாலும், பொறுமையுள்ளவருக்கு இதைவிட நிறைவான அனுபவம் அரிது என்றே கருதுகிறேன்.

கதையை விரும்புவோருக்கு 2015இல் வந்த தி விட்சர் 3 ஏற்றது. அதில் கிளைப் பணிகள் பலவும் தனிச் சிறுகதைபோல் அமைந்து, நம் முடிவுகளுக்கேற்ப வேறு வேறு விளைவுகளைத் தருகின்றன. அமைதியாகப் பொழுது கழிக்க, எரிக் பரோன் தனி ஒருவராக நிரலும் ஓவியமும் இசையும் அமைத்த ஸ்டார்டியூ வேலி என்னும் பண்ணை விளையாட்டு போதும்.

வாங்குமுன் ஒன்றைக் கவனியுங்கள்: தனியாக விளையாடும் கேம்கள் அனைத்தும் இணையமின்றி முழுமையாக இயங்குவதில்லை. ஸ்டீம் என்னும் இணைய விளையாட்டுக் கடையில் வாங்கினால், இணைப்பு இருக்கும்போதே புதுப்பிப்புகளை முடித்து, விளையாட்டை ஒருமுறை திறந்து பார்த்த பின் ஆஃப்லைன் முறைக்கு மாறுங்கள். ஜிஓஜி தளத்திலோ நிறுவல் கோப்பையே சேமித்து வைத்துக்கொள்ளலாம்.